காந்தத் துண்டும் மொறிஸ் மைனரும்

2011 ஆம் ஆண்டு சரவணைக்கு மீளக் குடியமர்ந்த பின், தம்பி வாடகைக்கு ஓட ஒரு மொறிஸ் மைனர் வாங்க எண்ணினேன். கையில் இருந்தது இரண்டு சோடிக் காப்பை அடகு வைத்த பணம் மட்டும்.

உரும்பிராயில் ஒரு கார் புதுப் பெயின்ற் பளபளக்க நின்றது. "தங்கச்சி, இதே எஞ்சின்தான் ஒஸ்ரின் ஹீலி ஸ்பிறைற் எண்ட ஸ்போர்ட்ஸ் காருக்கும் பூட்டினது" என்றார் உரிமையாளர். உண்மைதான். 1958 இல் வந்த அந்தக் காருக்கும் இந்த 948 சீசீ இனந்தான். ஆனால் நான் பந்தயத்துக்கா வாங்குகிறேன்?

மெக்கானிக் அண்ணை சொல்லித் தந்தபடி, துணியில் சுற்றிய காந்தத்தைக் கதவின் கீழ்ப்பக்கம் வைத்தேன். ஒட்டவில்லை. தகரம் இல்லை, பட்டிதான். பாயை விரித்து அடியில் படுத்துப் பார்த்தால், பின் வில்லுத் தகடு பூட்டும் இடம் இத்துப் போயிருந்தது. இந்தக் காருக்குத் தனிச் சட்டம் கிடையாது, உடம்பே சட்டம். துரு பிடித்தால் முழுக் காருக்கும் கேடு. எங்கள் உப்புக் காற்றுக்கு எத்தனை மாரி தாங்கும்?

ஸ்டார்ட் செய்ததும் நீலப் புகை. பொருளாதாரத் தடைக் காலத்தில் மண்ணெண்ணெயில் ஓடிய கார்களில் எரியாத எண்ணெய் ஒயிலில் கலந்து அதை நீர்த்துப்போகச் செய்யும், வளையங்கள் தேயும். புத்தகத்திலுள்ள செசி இலக்கம் மட்டும் சரியாக இருந்தது.

ஒட்டு வேலைக்கும் வளையத்துக்கும் ஆகும் செலவைக் கொப்பியில் எழுதிக் கழித்துக் காட்டினேன். "பிள்ளை கணக்கு வாத்தியாரோ?" என்றவர், சினந்து, பிறகு இறங்கி வந்தார்.

மிச்சத்தில் ஒரு சோடிக் காப்பை மீட்டேன். மற்றச் சோடியைக் கார் ஓடித்தான் மீட்டது. பதினான்கு மாதம் சென்றது.