உப்பு ஏறும் வயல்... இடம் தேடும் சதுப்பு!

அமெரிக்கத் தலைநகர் வாஷிங்டனிலிருந்து கிழக்கே இரண்டு மணி நேரப் பயணம். செசபீக் வளைகுடாவின் நீளமான பாலத்தைத் தாண்டினால், மேரிலாந்து மாநிலத்தின் கிழக்குக் கரை. மலையும் இல்லை, மேடும் இல்லை. கண்ணுக்கு எட்டிய தூரம் மக்காச்சோளம், சோயா, கோதுமை. இடையிடையே நீளநீளமான கோழிக் கொட்டகைகள். இங்கே விளையும் மக்காச்சோளமும் சோயாவும் பெரும்பாலும் இந்தக் கோழிகளுக்குத் தீவனமாகவே போய்ச் சேருகின்றன.

கேம்பிரிட்ஜ் என்ற சிறிய ஊரைக் கடந்து தெற்கே போகப் போக, சாலையோர வாய்க்கால்களில் தண்ணீர் தளும்பி நிற்கிறது. வயல் ஓரத்தில் பயிர் குட்டையாகி, மஞ்சளாகி, கடைசியில் வெறும் தரையாக முடிகிறது. அந்தத் தரையில் வெள்ளை வெள்ளையாக உப்பு பூத்திருக்கிறது. அதற்கு அப்பால் இலை உதிர்ந்து, பட்டை உரிந்து, வெளுத்துப்போய் நிற்கும் பைன் மரங்கள். உள்ளூர்க்காரர்கள் இதைப் ‘பேய்க்காடு’ என்கிறார்கள். வேரில் உப்புத் தண்ணீர் ஏறி, நின்ற நிலையிலேயே செத்துப்போன காடு அது. அதையும் தாண்டினால் கோரையும் நாணலும் நிறைந்த பெரிய சதுப்பு. அதுதான் பிளாக்வாட்டர் தேசிய வனவிலங்குப் புகலிடம்.

வாத்துகளுக்காக ஒதுக்கிய நிலம்

1933-ம் ஆண்டு, வலசை வரும் நீர்ப்பறவைகளுக்காக இந்தப் புகலிடம் ஏற்படுத்தப்பட்டது. இன்று இதன் பரப்பு 28,000 ஏக்கருக்கும் மேல். குளிர்காலத்தில் கனடா வாத்துகள், பனி வாத்துகள், அன்னங்கள் வடக்கிலிருந்து கூட்டம் கூட்டமாக வந்து இறங்குகின்றன. வெண்தலைக் கழுகுகளும் இங்கே அதிகம். இதை நிர்வகிப்பது ‘அமெரிக்க மீன் மற்றும் வனவிலங்குத் துறை’. இது அந்நாட்டு உள்துறையின் கீழ் வருகிறது. அமெரிக்காவில் உள்துறை என்றால் காவல் துறையைப் பார்க்கும் அமைச்சகம் அல்ல. அரசு நிலம், நீர், கனிமம், வனவிலங்கு இவற்றைக் கவனிக்கும் அமைச்சகம்.

1930-களிலிருந்து இன்றுவரை இங்கே ஏறத்தாழ 5,000 ஏக்கர் சதுப்பு, திறந்த தண்ணீராக மாறிவிட்டது. அதற்குக் காரணங்கள் மூன்று. முதலாவது, கடல் உயர்கிறது. இரண்டாவது, இந்தப் பகுதியில் நிலமும் மெதுவாகக் கீழே இறங்குகிறது. பனியுகத்தில் வடக்கே கிடந்த பனிப்பாளத்தின் எடையால் இந்தப் பக்கம் மேலெழுந்த நிலம், பனி உருகிய பிறகு பழைய நிலைக்குத் திரும்பிக்கொண்டிருக்கிறது. இரண்டும் சேர்ந்து, கடந்த நூறு ஆண்டுகளில் செசபீக் கரையில் நீர்மட்டம் சுமார் ஓர் அடி கூடியிருக்கிறது. பள்ளமே இல்லாத இந்தச் சமவெளியில் ஓர் அடி என்பது, தண்ணீர் வெகுதூரம் உள்ளே வரப் போதுமானது.

மூன்றாவது காரணம் மனிதர்கள் கொண்டுவந்தது. ரோமத் தொழிலுக்காகத் தென் அமெரிக்காவிலிருந்து ‘நியூட்ரியா’ என்ற பெரிய கொறிவிலங்கை 1940-களில் இங்கே கொண்டுவந்தார்கள். அது கோரையை மேலாக மேயாமல், வேரையும் கிழங்கையும் தோண்டித் தின்றது. பிடிமானம் போன மண்ணை அலை அரித்தது. 2002-ல் ஒழிப்புத் திட்டம் தொடங்கி, சுமார் 14,000 நியூட்ரியாக்களை அகற்றினார்கள். 2022-ல் இந்த வட்டாரத்தில் அது முற்றிலும் ஒழிந்ததாக அறிவிக்கப்பட்டது. அந்த வேலை தனியார் நிலங்களிலும் நடந்தாக வேண்டியிருந்தது. நில உரிமையாளர்கள் வரப்பைத் தாண்டி உள்ளே வர அனுமதித்ததால்தான் அது முடிந்தது.

வடிகாலே வழிவிட்டது

சதுப்பின் கதை அப்படியே வயலின் கதையும்கூட. மழைநீரை வெளியேற்ற முன்னோர் வெட்டிய வடிகால்கள் வழியாகவே, இப்போது கடல் ஓதம் ஏறும்போது உப்புத் தண்ணீர் எதிர்த்திசையில் வயலுக்குள் வருகிறது. கடல் எட்டிப் பார்க்காத வயலிலும் வாய்க்கால் ஓரம் முதலில் கெடுவது இதனால்தான்.

மண்ணில் சோடியம் ஏறியதும் சுண்ணாம்புச் சத்தை வெளியே தள்ளிவிட்டு அந்த இடத்தில் உட்கார்ந்துகொள்கிறது. மண்கட்டி உடைந்து, மாவாகி, காய்ந்தால் இறுகுகிறது. தண்ணீர் கீழே இறங்காது, வேரும் இறங்காது. ஜிப்சம் போடலாம். ஆனால், ஜிப்சம் விடுவித்த சோடியத்தை நல்ல தண்ணீர் கழுவி வெளியே கொண்டுபோக வேண்டும். வடிகாலே உப்புத் தண்ணீரால் நிரம்பி நிற்கும் இடத்தில் அதற்கு வழி இல்லை.

இன்னொரு சிக்கலும் உண்டு. பல பத்தாண்டுகளாகக் கோழி எரு கொட்டிய வயல்கள் இவை. மண்ணில் மணிச்சத்து மலைபோலச் சேர்ந்திருக்கிறது. உப்புத் தண்ணீர் தேங்கும்போது, மண்ணோடு பிணைந்திருந்த மணிச்சத்து கரைந்து வளைகுடாவுக்குப் போகிறது. அங்கே பாசி பெருகி, மீனும் நண்டும் மூச்சுத் திணறுகின்றன. மேரிலாந்து பல்கலைக்கழக ஆய்வாளர்கள் இதை விவசாயிகளின் வயல்களிலேயே அளந்து வருகிறார்கள். உப்பைத் தாங்கும் சோளம், பார்லி, புல் வகைகளையும் அங்கே பயிரிட்டுப் பார்க்கிறார்கள். மாநில அரசும் 2019-ல் உப்புநீர் ஊடுருவலுக்கென்றே தனித் திட்ட அறிக்கை வெளியிட்டது.

சதுப்பு நகர இடம் வேண்டும்

கடல் உயரும்போது சதுப்பு சும்மா மூழ்கிவிடுவதில்லை. பின்னால் தாழ்வான நிலம் கிடைத்தால் அங்கே நகர்ந்து போகும். இதை வைத்து, 2013-ல் வனவிலங்குத் துறையும் இரண்டு தன்னார்வ அமைப்புகளும் சேர்ந்து ‘பிளாக்வாட்டர் 2100’ என்ற திட்டத்தை வெளியிட்டன. எந்தச் சதுப்பைக் காப்பாற்ற முடியும், எதை விட்டுவிட வேண்டும், புதிய சதுப்பு எங்கே உருவாகும் என்று வரைபடமே போட்டார்கள். திட்டத்தின் ஒரு பகுதியாக, ஷார்ட்டர்ஸ் வார்ஃப் என்ற இடத்தில் ஆற்றடி வண்டலைக் குழாய் மூலம் தெளித்து, மூழ்கிக்கொண்டிருந்த 40 ஏக்கர் சதுப்பைச் சில அங்குலங்கள் உயர்த்தினார்கள். கோரை மறுபடி துளிர்த்தது.

வரைபடத்தில் புதிய சதுப்புக்காகக் காட்டிய இடங்களில் காடும் உண்டு, பட்டா வயலும் உண்டு. அதனால்தான் இது வெறும் பறவைப் பிரச்னை இல்லை. விளைச்சல் போன நிலத்துக்கு நியாயமான விலையோ, ஈரநிலமாக விட்டுவைக்க ஒப்பந்தத் தொகையோ கிடைக்குமா என்பது விவசாயியின் கேள்வி. அதற்குப் பதில் சொல்ல வேண்டியவை அரசுத் துறைகள்.

ஒரு கையெழுத்தில் வந்தது, ஒரு கையெழுத்தில் போனது

இங்கேதான் வாஷிங்டன் உள்ளே வருகிறது. காலநிலை மாற்றத்தைக் கணக்கில் எடுத்தே திட்டமிட வேண்டும் என்று வனவிலங்குத் துறை 2010-ல் ஒரு செயல்திட்டம் வகுத்தது. 2012-ல் உள்துறை முழுமைக்கும் அதேபோன்ற கொள்கை வந்தது. 2016 இறுதியில், ஒரு சாலையோ, சுரங்கமோ, எண்ணெய்க் கிணறோ வனவிலங்கு வாழிடத்தை அழித்தால், அழித்ததைவிடக் கூடுதலாக ஈடுசெய்ய முயல வேண்டும் என்ற கொள்கையையும் துறை சேர்த்தது.

2017 மார்ச்சில் புதிய அரசு முன்னுரிமையை மாற்றியது. உள்நாட்டு எரிசக்தி உற்பத்திக்குத் தடையாக இருக்கும் விதிகளை எல்லாம் மறுஆய்வு செய்யுமாறு அதிபர் உத்தரவிட்டார். மறுநாளே உள்துறைச் செயலர் ரயன் ஜிங்கி, தன் துறையின் காலநிலை, இழப்பீட்டுக் கொள்கைகளை ஆய்வு செய்ய ஆணையிட்டார். அந்த ஆண்டு டிசம்பரில் உள்துறையின் காலநிலைக் கொள்கை ரத்தானது. 2018 ஜூலையில் வனவிலங்குத் துறையின் இழப்பீட்டுக் கொள்கையும் திரும்பப் பெறப்பட்டு, 1981-ம் ஆண்டின் பழைய கொள்கை மீண்டும் நடைமுறைக்கு வந்தது. செய்த சேதத்துக்கு மேல் ஒருவரிடம் ஈடு கேட்பது சட்டப்படி சரியா என்ற வாதம் அப்போது முன்வைக்கப்பட்டது.

2021-ல் வந்த அரசு அந்த ஆணைகளை நீக்கியது. 2023-ல் இழப்பீட்டுக் கொள்கை புதுப்பிக்கப்பட்டது. 2025 பிப்ரவரியில், செயலர் டக் பர்கம் மறுபடியும் ஆய்வுக்கு ஆணையிட்டு, 15 நாளில் செயல்திட்டம் கேட்டார். எட்டு ஆண்டுகளில் மூன்று திருப்பங்கள்!

நிலைத்தது எது?

இத்தனைக்கும் நடுவே பிளாக்வாட்டரில் ஒரு விஷயம் நடந்தது. காலநிலைக் கொள்கை ரத்தாகியிருந்த 2020-ம் ஆண்டில், கடல் விழுங்கிய சதுப்புக்கு மாற்றாக 2,600 ஏக்கரை வனவிலங்குத் துறை விலைக்கு வாங்கியது. அடுத்த ஆண்டு அந்த நிலத்தில்தான், அடிமைகளைத் தப்பவைத்த வீராங்கனை ஹேரியட் டப்மனின் தந்தை பென் ராஸ் வாழ்ந்த வீட்டின் இடத்தைத் தொல்லியலாளர்கள் கண்டறிந்தார்கள். மரம் வெட்டிப் பிழைத்த அவருக்கு, எஜமானரின் உயில் மூலம் கிடைத்த 10 ஏக்கர் அது. அந்த இடத்தையும் தண்ணீர் நெருங்கிக்கொண்டிருக்கிறது.

காகிதத்தில் வார்த்தை போனபோதும் வேலை நடந்ததற்குக் காரணம், சில விஷயங்கள் கொள்கையில் இல்லாமல் சட்டத்தில் இருப்பதுதான். ஒவ்வொரு புகலிடத்துக்கும் 15 ஆண்டுகளுக்கு ஒருமுறை பாதுகாப்புத் திட்டம் வகுக்க வேண்டும் என்பது 1997-ம் ஆண்டுச் சட்டம். வாத்து வேட்டைக்காரர்கள் 25 டாலர் கொடுத்து வாங்கும் முத்திரையின் பணம், புகலிடங்களுக்கு நிலம் வாங்கவே போக வேண்டும் என்பதும் சட்டம்தான். இவற்றைச் செயலரின் கையெழுத்து மாற்ற முடியாது.

சட்டத்தில் இல்லாதவைதான் தள்ளாடின. மாநிலங்கள், பல்கலைக்கழகங்கள், நில உரிமையாளர்கள் ஒன்றாக உட்கார்ந்து திட்டமிட நாடு முழுக்க 22 நிலப்பரப்புக் கூட்டமைப்புகள் இருந்தன. 2017-க்குப் பிறகு அவற்றுக்கான ஆதரவு நின்றுபோனது. உப்பு எப்போது எந்த வயலுக்கு வரும் என்று கணிக்க, ஆண்டுக்கணக்கில் விடாமல் அளக்க வேண்டும். நடுவில் விட்ட அளவைப் பிறகு எடுக்க முடியாது.

டார்செஸ்டர் மாவட்ட விவசாயிகள் அதற்காகக் காத்திருக்கவில்லை. வடிகால் முனையில் ஓதக் கதவு வைப்பவர்கள் இருக்கிறார்கள். கெட்டுப்போன ஓரத்தை விட்டுவிட்டு நல்ல பகுதியில் மட்டும் விதைப்பவர்கள் இருக்கிறார்கள். விளையாத நிலத்தில் விதையும் உரமும் போடாததே அவர்களுக்கு முதல் லாபம். அந்த ஓரத்தில் தானாகவே சதுப்புப் புல் முளைக்கிறது. அதற்கு ஒப்பந்தத் தொகை கிடைத்தால், இழந்த வயல் வாத்துக்கும் நண்டுக்கும் நாற்றங்காலாக மாறும். கிடைக்காவிட்டால், வரி மட்டும் கட்டும் உப்புத் தரையாக அது விவசாயியின் கணக்கிலேயே கிடக்கும்.