பெட்டிக்குள் வந்த மௌனம்

பெட்டி கட்டிப் பழகாத வீடு எம் காரைக்காலில் அரிது. 1739இல் பிரெஞ்சுக்காரர் வசமான இவ்வூர், 1954 நவம்பர் முதல் நாளன்றுதான் இந்திய ஆட்சியின் கீழ் வந்தது. அதற்கு முன்பே எம் முன்னோர் சைகோனுக்குக் கப்பலேறிப் பழகியிருந்தனர். அந்நகரில் 1935இல் தென்னிந்திய முஸ்லிம்கள் எழுப்பிய பள்ளிவாசல் இன்றும் நிற்கின்றது. 1962 ஆகஸ்டில் ஒப்பந்தம் நடைமுறைக்கு வந்தபின், பிரெஞ்சுக் குடியுரிமையை விரும்பி ஏற்ற குடும்பங்கள் பிரான்சு நாட்டில் குடியேறின. மனிதர் சென்ற வழியே பொருள்களும் போயின, வந்தன.

எங்கள் நானா 1985இல் பாரிசிலிருந்து விடுமுறையில் வந்தபோது ஒரு வண்ணத் தொலைக்காட்சிப் பெட்டியைக் கொண்டுவந்தார். பல மாதச் சேமிப்பு அது. சுங்கத் தீர்வை வேறு. இஷாத் தொழுகை முடிந்ததும் தெருவே எங்கள் முற்றத்தில் திரண்டது. மாடியில் உயர்த்திய ஆன்டெனா கடலைப் பார்த்து நின்றது. இலங்கையின் ரூபவாஹினி எம் கரையில் எடுக்கும் காலம் அது. நானா விசையை அழுத்தினார். திரை ஒளிர்ந்தது. அவ்வளவே. கறுப்பும் வெளுப்பும் கிழிந்தோடின, ஓசை எழவில்லை. ஒவ்வொருவராய் எழுந்து சென்றனர். நானா மட்டும் நள்ளிரவு வரை திருகிக்கொண்டிருந்தார். அவர் முகத்தைப் பார்க்க எங்களில் எவருக்கும் துணிவில்லை.

பெட்டியில் பழுதேதும் இல்லை என்பது பின்னரே தெரிந்தது. பிரான்சு 1967இல் வண்ண ஒளிபரப்பைத் தொடங்கியது ‘செகாம்’ முறையில். 1982இல் இந்தியா ஏற்றதோ ஜெர்மானியப் பொறியாளர் வால்டர் புரூக் உருவாக்கிய ‘பால்’ முறை, இலங்கையும் அவ்வாறே. வண்ணம் மட்டுமன்று. அங்கே அலை வலுத்தால் திரையில் வெண்மை. இங்கே அலை வலுத்தால் கருமை. ஒலியை அலையில் ஏற்றும் விதமும் வேறு. மின்சாரம் மட்டும் ஏறத்தாழ ஒன்றாயிருந்ததால் திரை ஒளிர்ந்து எங்களை ஏமாற்றியது.

சில ஆண்டுகள் கழித்து உம்மா நானாவிடம் சென்றார். எவர் தடுத்தும் கேளாமல் மிக்சியைத் துணியில் சுற்றி எடுத்துச் சென்றார். எம் நாட்டு மூன்று உருள்முனைச் செருகி அங்குள்ள துளையில் நுழையவில்லை. அந்நாட்டுத் துளையிலிருந்து நில இணைப்புக்கான முனையொன்று வெளியே நீட்டிக்கொண்டிருக்கும். நானா செருகியை மாற்றினார். இரு நாட்டிலும் நொடிக்கு 50 சுழற்சி. அழுத்தமும் 220, 230 வோல்ட் அளவே. மிக்சி உறுமிற்று, மீன் ஆணத்திற்குத் தேங்காய் அரைபட்டது. “நம்ம சாமான் போன இடத்திலே பொழச்சுக்குது, வாப்பா” என்றாராம் உம்மா.

இன்று நிலை மாறிவிட்டது. பிரான்சில் செகாம் ஒளிபரப்பு 2011 நவம்பரில் ஓய்ந்தது. கைப்பேசி மின்னேற்றிகள் பலவும் 100 முதல் 240 வோல்ட் வரை ஏற்கின்றன. ஆயினும் மோட்டார் உள்ள கருவியையும் சூடேற்றும் கருவியையும் 110 வோல்ட், 60 சுழற்சி நாடுகளுக்குக் கொண்டுசெல்வோர் அடியிலுள்ள தகட்டை முதலில் படிக்க வேண்டும். வோல்ட்டை மாற்ற டிரான்ஸ்பார்மர் உண்டு. சுழற்சியை அது மாற்றாது. நில இணைப்பைத் துண்டித்துச் செருகுவது உயிருடன் விளையாடுவதாகும்.

அந்தத் தொலைக்காட்சிப் பெட்டியை உம்மா விற்கவிடவில்லை. பூவேலை செய்த துணியால் மூடி, கூடத்திலேயே வைத்திருந்தார். விருந்தினர் கேட்டால், “என் மகன் கொண்டுவந்தது” என்பார். ஓடுமா என்று கேட்க இடந்தரமாட்டார். ஆனால் அந்த நாணத்தால் நானா மூன்றாண்டுகள் ஊர்ப்பக்கம் வரவில்லை. பிறகு ஒருநாள் வெறுங்கையோடு வந்து வாசலில் நின்றார். உம்மா அவர் கைகளைப் பார்க்கவில்லை, முகத்தைத்தான் பார்த்தார். பெட்டி கட்டும் பிள்ளைகளுக்கு நாம் சொல்ல விரும்புவதும் அதுவே.