முன்கதைச் சுருக்கம்

'ஸ்டார் வார்ஸ்' தொடங்கும்போது மஞ்சள் எழுத்துகள் திரையின் அடியிலிருந்து கிளம்பி, சாய்ந்தபடியே விண்வெளிக்குள் போய் மறையுமே, அது யாருக்கு முதலில் தோன்றிய யோசனை என்று தேட ஆரம்பித்தேன். போய்ச் சேர்ந்தது ஒரு நீச்சல்குளத்தில்.

அந்தப் படத்தை எடுத்த ஜார்ஜ் லூகாஸ் முதலில் எடுக்க ஆசைப்பட்டது 'ஃப்ளாஷ் கார்டன்' என்ற விண்வெளிப் படக்கதையை. உரிமை கிடைக்கவில்லை, சொந்தமாக ஒன்று செய்துகொண்டார். அந்த நூலைப் பிடித்துப் போனால், யுனிவர்சல் நிறுவனத்தின் 1940-ஆம் வருட 'ஃப்ளாஷ் கார்டன்' தொடர்படத்தில் அதே சாய்ந்த எழுத்துகள் ஓடுகின்றன. நம் வாரப் பத்திரிகைகளில் தொடர்கதைக்கு மேலே போடுவார்களே, அதே முன்கதைச் சுருக்கம்! சீரியல் என்றால் இன்று மாமியார்தான் நினைவுக்கு வருகிறார். அன்று அது தியேட்டரில் வாரத்துக்கு ஓர் அத்தியாயம், சுமார் இருபது நிமிடம். நாயகன் சாகப்போகிற நேரம் பார்த்து 'தொடரும்' போட்டுவிடுவார்கள்.

எழுத்தைத் தேடிப் போனவன் நடிகரிடம் மாட்டிக்கொண்டேன். 1936-இல் வந்த முதல் தொடரின் 13 அத்தியாயங்களையும் இரண்டே இரவில் பார்த்தேன். விண்கலம் ஒரு பொம்மை. அதன் வாலில் மத்தாப்பு மாதிரி ஏதோ எரிகிறது. புகை பின்னால் போகாமல் மேலே போகிறது. ஆய்வுக்கூடச் சாமான்களில் பல 'ஃபிராங்கன்ஸ்டைன்' படத்துக்காகச் செய்தவை. இத்தனை அட்டைக்கும் நடுவில் நாயகனாக வரும் பஸ்டர் கிராப் மட்டும் நிஜமாகத் தெரிகிறார். பெரிய நடிப்பெல்லாம் இல்லை. ஆனால் ஒரு இடத்தில்கூட 'இதெல்லாம் விளையாட்டு' என்று கண்ணடிக்காதவர்.

படக்கதையின் ரசிகரான அவர், நடிகர் தேர்வைச் சும்மா வேடிக்கை பார்க்கப் போய்த்தான் வேடத்தோடு திரும்பினாராம். தலைமுடிக்குப் பொன்னிறச் சாயம் பூசிவிட்டார்கள். கூச்சப்பட்டு வெளியே தொப்பியோடுதான் நடமாடினார். இதைப் படித்த பிறகு அவர்மேல் ஒரு பிரியமே வந்துவிட்டது. 1939-இல் 'பக் ராஜர்ஸ்' என்ற இன்னொரு விண்வெளித் தொடரிலும் அவர்தான் நாயகன். நாற்பது வருடம் கழித்து, அதே பக் ராஜர்ஸ் தொலைக்காட்சிக்கு வந்தபோது, 71 வயதில் ஓர் அத்தியாயத்தில் தலைகாட்டினார். பாத்திரத்தின் பெயர் பிரிகேடியர் கார்டன்!

அந்த உடம்பு எங்கிருந்து வந்தது? ஹவாயில் வளர்ந்த நீச்சல்காரர் அவர். 1928 ஆம்ஸ்டர்டாம் ஒலிம்பிக்கில் 1500 மீட்டரில் வெண்கலம். 1932-இல் வைஸ்முல்லர் என்ற நீச்சல் வீரர் டார்ஜானாகி வசூலை அள்ளியதும், மற்ற ஸ்டூடியோக்களுக்கும் ஒரு நீச்சல் வீரர் தேவைப்பட்டார். அந்த வருடமே லாஸ் ஏஞ்சலஸ் ஒலிம்பிக். தன்னை சினிமாவில் கொண்டுபோய்ச் சேர்த்தது பத்தில் ஒரு நொடிதான் என்று கிராப் பிற்காலத்தில் சொன்னது அந்தப் போட்டியைத்தான்.

400 மீட்டர் பந்தயம். பிரான்ஸின் ஜான் தாரிஸ் கடைசி வீச்சுகள்வரை முன்னால் இருந்தார். கிராப்பின் கை சுவரைத் தொட்டபோது 4 நிமிடம் 48.4 நொடி. தாரிஸ் தொட்டபோது 48.5.