மனு எழுதிய கை

மழைக்காலம் வந்தால் எங்கள் தெருவில் சாக்கடை பொங்குகிறது என்று மனு எழுதியவன் நான். வீடு வீடாகப் போய்க் கையெழுத்தும் வாங்கினேன். பொங்கியதில் என் வீட்டு மொட்டை மாடித் தண்ணீரும் இருந்தது என்பதை மட்டும் எழுதவில்லை.

மேற்கு மாம்பலத்தில் எங்களுடையது அப்பா காலத்து வீடு. மதிலை ஒட்டிய சந்தில் ஒரு சின்னக் கால்வாய் ஓடும். மாடித் தண்ணீர் அதில் விழுந்து தெருவுக்குப் போகும். 2003-இல் தமிழக அரசு மழைநீர் சேகரிப்பைக் கட்டாயமாக்கியபோது, அப்பா ஜல்லியும் மணலும் கொட்டிய குழி ஒன்றுக்கு அதைத் திருப்பினார். அவர் போனபின் எனக்குக் கார் வந்தது. சந்து முழுக்க சிமென்ட் போட்டு டைல்ஸ் ஒட்டினேன். கால்வாய் மூடியது, குழி இடிபாட்டில் புதைந்தது. "மழைத்தண்ணிக்கு வழி எங்க சார்?" என்றார் மேஸ்திரி. கழிவுநீர் சேம்பரைக் காட்டி, "இதுல விட்டுடுங்க" என்றேன். அவர் தயங்கினார். கூலி கொடுப்பவன் நான் ஆயிற்றே, விட்டுவிட்டார்.

சென்னையில் இரண்டும் தனித்தனி வழி. மழைநீர் வடிகால் மாநகராட்சியுடையது, கழிவுநீர்க் குழாய் குடிநீர் வாரியத்துடையது. பின்னதன் அளவு குளியலறை, சமையலறை, கழிவறைத் தண்ணீருக்கே கணக்கிட்டது. 1000 சதுர அடி மாடியில் 10 செ.மீ. மழை பெய்தால் 9000 லிட்டருக்கு மேல் சேரும். அதைக் கழிவுநீர்க் குழாயில் தள்ளினால், தெருவில் எந்த வீடு பள்ளத்தில் இருக்கிறதோ அந்த வீட்டுக் கழிவறை வழியாக மேலே வரும். எங்கள் தெருவில் அது கடைசி வீட்டுத் தரைத்தளம். அங்கே ஒரு பெரியம்மா வாடகைக்கு இருந்தார். மழை விட்டதும் துடைப்பமும் பினாயிலுமாக நிற்பார். நானும் போய் அதிகாரிகளைத் திட்டி ஆறுதல் சொல்லிவிட்டு வருவேன்.

என் சுவரில் ஓதம் ஏறியபோதுதான் பிளம்பரைக் கூப்பிட்டேன். பழைய வீடு, வரைபடம் கிடையாது. அவர் ஒரு வாளித் தண்ணீரில் சொட்டு நீலம் கலந்து மாடிக் குழாயில் ஊற்றச் சொன்னார். கீழே ஒவ்வொரு மூடியாகத் திறந்து பார்த்தார். தெரு வடிகாலில் ஒன்றுமில்லை. கழிவுநீர் சேம்பரில் நீலம் ஓடியது, ஆனால் கொஞ்சமாக. மீதி, தரைக்கடியில் விரிசல் விட்ட பெண்டு வழியாக அஸ்திவாரத்துக்குப் போய்க்கொண்டிருந்தது. ட்யூப் லெவல் பிடித்துப் பார்த்தால் சந்தின் வாட்டமும் தவறு. பத்தடிக்கு 2 அங்குலமாவது தெருப்பக்கம் சரிய வேண்டிய தரை, வீட்டுப்பக்கம் சரிந்திருந்தது.

"யாருங்க இப்படிக் கனெக்‌ஷன் கொடுத்தது?" என்று நானே கேட்டேன்! "பழைய ஆளுங்க வேலை சார்" என்றார் அவர். தலையாட்டினேன். பழி அப்பா காலத்து ஆட்கள் மேல் விழுந்தது, நான் விழவிட்டேன்.

இதைவிட மோசமானது அடுத்து நான் செய்தது. பெண்டை மட்டும் மாற்றச் சொன்னேன். ஓதம் என் சுவரில் இருந்தது, அது நின்றது. நாற்றம் பெரியம்மா வீட்டில், அது நிற்கவில்லை. முன்பாவது ஒரு பங்கு மண்ணுக்குள் போயிற்று. இப்போது முழுத் தண்ணீரும் சேம்பருக்குப் போனது. டைல்ஸை உடைக்க மனம் வராமல், தெரிந்தே இன்னொரு ஐப்பசி கார்த்திகையை ஓட்டினேன்.

பெரியம்மா வீட்டைக் காலி செய்துகொண்டு மகனிடம் போனார். அதற்கப்புறம்தான் டைல்ஸை உடைத்தேன். குழியைத் தோண்டித் தூர்வாரி மாடிக் குழாயை அதில் சேர்த்தேன். நிரம்பி வழிவது தெரு வடிகாலுக்குப் போகிறது. சேம்பருக்குப் போன வழியை அடைத்தாயிற்று. ஏன் உடைக்கிறாய் என்று கேட்க ஆள் இல்லாத நேரம் பார்த்துச் செய்த வேலை அது.

உங்களுடையதும் பழைய வீடு என்றால், புரட்டாசி முடிவதற்குள் சொட்டு நீலம் கலந்த ஒரு வாளித் தண்ணீரை மாடிக் குழாயில் ஊற்றிப் பாருங்கள். கழிவுநீர் சேம்பரில் நீலம் தெரிந்தால், மனு எழுத உட்காராதீர்கள், மேஸ்திரியைக் கூப்பிடுங்கள்.