வேலூரின் அறுவடைச் சித்திரம்

பரமத்தி வேலூர் என்று நாம் ஒரே மூச்சில் சொன்னாலும், பரமத்தி வேறு, வேலூர் வேறு. கோட்டையுள்ள வேலூரோடு மயங்காதபடி, அண்டை ஊரின் பெயரையும் சேர்த்துக்கொண்டு வழங்குகிறது நாமக்கல் ஜில்லாவின் இந்தக் காவிரிக்கரை ஊர். தை மாதத்தில் இதன் வயல்வெளியைக் காண்போருக்கு, வர்ணம் உலராத ஒரு பெரிய சித்திரத்தின் முன் நிற்பதாகவே தோன்றும்.

இச்சித்திரத்தின் முதற் கோடு ராஜவாய்க்கால். மேற்கே ஜேடர்பாளையத்தில் காவிரியை விட்டுப் பிரிந்து வருவது. இதை வெட்டுவித்தவர் அல்லாள இளைய நாயகர் என்பது இப்பக்கத்து வழக்கு. வாய்க்காலுக்கும் ஆற்றுக்கும் நடுவே முற்றித் தலைசாய்ந்த நெல். அதை அடுத்து வாழை, கரும்பு, அகத்தியைப் பற்றிப் படர்ந்த வெற்றிலைக் கொடிக்கால். வாய்க்காலின் மறுபுறம் மேட்டு நிலமும் பனைகளும். நன்செய் இடையாறு, புன்செய் இடையாறு என்று ஊர்ப் பெயர்களே இவ்விரு நிறங்களையும் சொல்லிவிடுகின்றன.

அறுவடையை எழுதிய சித்திரங்களில் உலகப் புகழ் பெற்றது ஒன்று உண்டு. 1565-ஆம் வருஷத்தில் பீட்டர் புரூகெல் எழுதிய அப்படம் இன்று நியூயார்க் மெட்ரபாலிடன் பொருட்காட்சிச் சாலையில் இருக்கிறது. பொன்னிறக் கோதுமை வெளி கண்ணைப் பறிக்கிறது. ஆயினும் மனத்தில் நிற்பவன், மரத்தடியில் கைகால் பரப்பி உறங்கும் ஓர் உழைப்பாளிதான். அவனைச் சுற்றி மற்றவர்கள் அமர்ந்து உண்கிறார்கள். விளைச்சலோடு களைப்பையும் எழுதியதே அந்தக் கலைஞனின் பெருமை.

நம் பள்ளிப் பிள்ளைகளை அறுவடைப் படம் எழுதச் சொன்னால், இரண்டு மலை, நடுவே சூரியன், ஒரு தென்னை, கீழே மஞ்சள் வயல் என்று முடித்துவிடுகிறார்கள். அரிவாள் பிடித்த கை அதில் இராது. அவர்கள் மேல் குற்றமில்லை. இக்காலத்தில் அறுவடை இயந்திரம் இறங்கினால் ஒரு வயல் சிறிது நேரத்தில் வெறுமையாகிவிடுகிறது. முதுகொடியும் வேலை குறைந்தது நல்லதே. ஆனால் அரிக்கட்டு சுமந்தவர்களையும், களத்தில் கதிரடித்தவர்களையும் பிள்ளைகள் எங்கே காண்பார்கள்?

அருகிலுள்ள மோகனூரில் 1888-இல் பிறந்த நாமக்கல் கவிஞர் வெ. இராமலிங்கம் பிள்ளை, தூரிகையிலும் வல்லவர்; மனித உருவங்களை எழுதிப் பெயர் பெற்றவர். அவர் பிறந்த இச்சீமையின் வயற்படத்தில் மனித முகம் இல்லாமற் போகலாமா?

தையில் இவ்வழி வரும் பெற்றோர்கள் குழந்தைகளை வாய்க்காற்கரைக்கு அழைத்துச் செல்லட்டும். வயலைக் காட்டுவதோடு நில்லாமல், அரிவாள் பிடித்துப் பழகிய ஒரு முதியவரிடம் பேசவும் செய்யட்டும். பிறகு எழுதும் படத்தில் ஆள் தானே வந்து நிற்பான்.