பெயரன்

வகுப்பில் வல்வில் ஓரியைப் பற்றிப் பேசும்போதெல்லாம் மாணவர் ஒருவராவது கேட்டுவிடுவார்: "ஐயா, நீங்க ஓரி வம்சமா?" நான் கொல்லிமலைக்காரன் என்பது அவர்களுக்குத் தெரியும். வன்பரணரும் கழைதின் யானையாரும் ஓரியைப் பாடியிருக்கிறார்கள். காரி அவனைக் கொன்று கொல்லியைச் சேரனுக்குக் கொடுத்த செய்தி அகநானூற்றில் இருக்கிறது. இவ்வளவையும் சொல்லத் தெரிந்த எனக்கு, என் தந்தையைப் பெற்றவரின் தந்தையைப் பற்றி நான்கு வாக்கியம் சொல்லத் தெரியாது.

தெரிந்தது ஒன்றே. கீழ்ப்பள்ளத்தில் எங்களுக்கு நிலம் இருந்தது; கடன் கொடுத்த கீழ்நாட்டார் ஒருவர் அதைப் பிடுங்கிக்கொண்டார். "நாங்க விக்கல" என்பார் அப்பா. எழுபது கொண்டை ஊசி வளைவுகளும் வருவதற்கு முன் மலையிலிருந்து நடந்து இறங்கிப் படித்து ஆசிரியரானவர் அவர். எண்பது வயதைத் தாண்டிய பிறகு அந்த நிலத்தைப் பற்றியே அடிக்கடி பேசத் தொடங்கினார். அதனால்தான் தேடப் புறப்பட்டேன்.

மலையாளிகள் என்று எங்களைச் சொல்வார்கள். மலையை ஆள்பவர் என்று நாங்கள் பொருள் கொள்கிறோம், கேரளத்தோடு தொடர்பில்லை. காஞ்சியிலிருந்து அண்ணன் தம்பி மூவர் புறப்பட்டு மூன்று மலைகளில் குடியேறினார்கள் என்ற எங்கள் கதையை, 1909-இல் வெளிவந்த எட்கர் தர்ஸ்டனின் தொகுதிகளிலும் படிக்கலாம். ஆனால் அது ஓர் இனத்தின் கதை. அதில் என் கொள்ளுத்தாத்தா இல்லை. அறப்பளீசுவரர் கோயிலில் சோழர் காலக் கல்வெட்டுகள் இருக்கின்றன. அவற்றில் கொடை கொடுத்தவர்கள் இருக்கிறார்கள். பாட்டில் இடம்பெற வேண்டுமானால் வள்ளலாக இருக்க வேண்டும். கல்லில் இடம்பெற வேண்டுமானால் கோயிலுக்குக் கொடுத்திருக்க வேண்டும். சாமை விதைத்தவனுக்கு வாய்த்தவை தீர்வைக் கணக்கும் கடன் பத்திரமும்தாம்.

பத்திரப் பதிவு அலுவலகத்தின் பழைய பெயர் அட்டவணையில் தேடியபோது வேறொரு சிக்கல் எழுந்தது. நமக்குக் குடும்பப் பெயர் கிடையாது. பாட்டன் பெயரைத் தாங்குவதால்தான் அவன் பெயரன். அதுவே பேரன் ஆயிற்று. எங்கள் வீட்டில் இரண்டே பெயர்கள் தலைமுறைதோறும் மாறி மாறி வருகின்றன. 'இன்னார் மகன் இன்னார்' என்று எழுதினால் அது கொள்ளுத்தாத்தாவையும் குறிக்கும், என் அப்பாவையும் குறிக்கும். ஆண்டு ஒன்றுதான் அடையாளம். கடைசியில் கிடைத்த பத்திரம், அப்பா பிறப்பதற்கு முன்பே பதிவானது.

அது கிரையப் பத்திரம். முன்பு வாங்கிய கடனுக்கு நேராக நிலத்தை விற்றதாகவும், தொகை முழுதும் பற்றிக்கொண்டதாகவும், படிக்கக் கேட்டுச் சம்மதித்ததாகவும் வாசகம். முடிவில் 'கைநாட்டு' என்ற சொல் இருந்தது. நகலாதலால் ரேகை இல்லை. நான்கெல்லையில் கிழக்கே 'என் பாகம்' என்று கண்டிருந்தது. அப்படியானால் பாதியைத்தான் விற்றிருக்கிறார். மீதி எப்போது, எப்படிப் போனது என்பதற்கு அட்டவணையில் ஒரு வரியும் இல்லை.

இதை அப்பாவிடம் காட்டுவதா என்று ஒரு வாரம் யோசித்தேன். வாழ்நாள் முழுதும் ஒரு மனிதர் நம்பியதை நான்கு பக்க நகலால் குலைக்க எனக்கு என்ன உரிமை? காட்டாமல் மறைக்கத்தான் என்ன உரிமை?

காட்டினேன். கண்ணாடியைத் துடைத்துவிட்டுப் படித்தார். விற்றவர் பெயர் இருந்த இடத்தில் நின்றுவிட்டார். அது அவருடைய பெயர். தகப்பனார் பெயரும் அதுவே. "நானே வித்த மாதிரி இருக்குதுப்பா" என்றார். இரண்டு நாள் அதைப் பற்றிப் பேசவில்லை.

மூன்றாம் நாள் அவரே கேட்டு வாங்கி மறுபடியும் படித்தார். "படிக்கக் கேட்டுன்னு போட்டிருக்கு. படிச்சுக் காட்டுனவன் யாரு? பத்திரம் எழுதுனவன்தானே?" என்றார். எனக்கு அது தோன்றவே இல்லை. எல்லாப் பத்திரங்களிலும் வருகிற வாசகம் என்று அதைக் கடந்து போயிருந்தேன். விற்றார் என்பது பத்திரத்தில் உள்ள உண்மை. பிடுங்கினார்கள் என்பது வீட்டில் நின்ற உண்மை. எழுத்தறியாத ஒருவர் கைநாட்டு வைத்த அந்தச் சில நிமிடங்களில் இரண்டும் சேர்ந்தே நடந்திருக்கலாம்.

பிறகு சொத்து விவரத்துக்கு வந்தார். 'பலா மரம் 3' என்றிருந்தது.

"மூணு இல்ல, நாலு" என்றார் அப்பா. "நாலாவது எங்க அப்பாயி வச்சது. அது நம்ம பாகத்துல நின்னுது. அதான் இதுல வரல."

அவருடைய அப்பாயியின் பெயரை நான் தேடிய எந்த ஏட்டிலும் காணவில்லை. அப்பாவுக்கு நினைவிருந்தது, சொன்னார். நகலின் ஓரத்தில், கிழக்கெல்லைக்கு நேராக, எழுதி வைத்திருக்கிறேன்.