ஈசல் தின்னலாமா?

புறநானூற்றின் 119ஆம் பாடலை நடத்தும் நாளில் வகுப்பறை சற்றே கலகலத்துவிடும். பாரி இறந்தபின் அவனுடைய பறம்பு நாட்டை நினைந்து கபிலர் பாடியது அது. கார்காலத்து மழை பெய்து ஓய்ந்த பொழுதில் அந்நாட்டில் என்னென்ன கிடைக்கும் என்று எண்ணிப் பார்க்கிறார். செம்புற்றிலிருந்து எடுத்த ஈயலை மோரில் இட்டுச் சமைத்த புளிங்கறியும், புதுத் தினையும் அவர் நினைவில் வருகின்றன. ‘ஈயல் என்பது ஈசல்தான்’ என்று நான் சொல்லி முடிப்பதற்குள் பின்வரிசையில் ‘உவ்வே’ என்றொரு குரல் எழும், சிரிப்பு பரவும். அந்தச் சிரிப்பில் சேராமல் மேசையையே பார்த்துக்கொண்டிருக்கும் இரண்டு மூன்று முகங்களும் ஒவ்வோர் ஆண்டும் உண்டு. மானாவாரிக் கிராமங்களிலிருந்து வருகிற பிள்ளைகள். அவர்களுடைய வீட்டுச் சட்டியில் என்ன வறுபட்டது என்பதை நான் கேட்பதில்லை. கேட்காமலே தெரியும். என் வீட்டுச் சட்டியிலும் அதுதான் வறுபட்டது.

சங்கப் பாடல்களில் ஈயல் வருகிற இடங்களைச் சேர்த்துப் பார்த்தால் ஒன்று விளங்கும். நற்றிணை 59இல் வேட்டுவன் ஒருவன் உடும்பு, தவளை, முயல் ஆகியவற்றோடு புற்றைக் கிளறி ஈயலையும் கொண்டு வீடு திரும்புகிறான். அகநானூறு 394இல் வரகரிசியும் ஆட்டுத் தயிரும் ஈயலும் சேர்த்து ஆக்கிய சூடான புளிச்சோறு, தலைவனுக்கு முல்லை நிலத்து வீடு அளிக்கும் விருந்தாகப் பேசப்படுகிறது. பறம்பு நாட்டுப் பாடலிலோ அது ஒரு வள்ளலின் நாட்டு வளத்துக்கு அடையாளம். பஞ்சம் பிழைக்கத் தின்றதாகவோ, வேறு வழியின்றி விழுங்கியதாகவோ இம்மூன்றில் எங்கும் இல்லை. மழை தந்த பருவ உணவு, அவ்வளவே. உயிர் போகும் நிலையில் மட்டுமே மனிதன் பூச்சியைத் தொடுவான் என்ற எண்ணம் பின்னால் வந்து சேர்ந்தது.

*

அந்த எண்ணத்தோடுதான் என் அண்ணன் மகன் கேட்டான். கல்லூரி நண்பர்களோடு மலையேற்றம் போகத் தொடங்கியிருந்தான். காட்டில் தனியே விடப்பட்ட மனிதர் வண்டுப் புழுவைக் கடித்து விழுங்கும் தொலைக்காட்சி நிகழ்ச்சிகளில் ஒன்றைக்கூட அவன் விட்டதில்லை.

“சித்தப்பா, காட்டுல வழி தவறிட்டா பூச்சியத் தின்னு தப்பிச்சிரலாம்ல? நீங்கதான் சின்ன வயசுல ஈசல் தின்னவராச்சே!”

கேலி பாதி, மெய்யான கேள்வி பாதி. எனக்கு உடனே பதில் சொல்லத் தோன்றவில்லை. நான் ஈசல் தின்றது மெய். ஆனால் நான் தின்றது ஒரு பூச்சியை மட்டுமா என்ற கேள்வி அப்போதுதான் எழுந்தது.

எங்கள் ஊர் சிவகங்கைச் சீமையின் வானம் பார்த்த பூமி. கோடை முடிந்து முதல் பெருமழை பெய்து வெறித்த மாலையில் அப்பத்தா அரிக்கேன் விளக்கையும் வாயகன்ற பானையையும் எடுத்துக்கொண்டு கிளம்பும். எங்கள் புன்செய் வரப்போரம் இருந்த ஒரு புற்றுக்குத்தான் போகும். அம்மன் கோயில் புற்றைத் தொடாது. தெருவிளக்கின் அடியில் குவிந்து கிடக்கும் ஈசலையும் அள்ளாது. “எந்தப் புத்துலேருந்து வந்துச்சோ” என்று சொல்லிவிட்டுக் கடந்து போகும். உயிரோடு பிடித்ததை அன்றிரவே மண்சட்டியில் எண்ணெயின்றி வறுத்து, முறத்தில் புடைத்து இறகை ஊதித் தள்ளி, வறுத்த அரிசியோடு கலக்கும். விடிந்தபின் வாசலில் செத்துக் கிடப்பவை கோழிக்குத்தான். முதல்முறை தின்னும் பிள்ளைக்கு நாலைந்துக்கு மேல் கொடுக்காது. மறுநாள்தான் அடுத்த வாய். பெரியவர்களுக்கும் ஒரு கைக்கு மேல் இல்லை. நான் இன்னும் கேட்டால், “போதும்டா அப்பு. வயித்தால போயிரும்” என்று சொல்லிச் சட்டியைக் கவிழ்த்துவிடும். பக்கத்து வீட்டு அத்தை ஒருத்திக்கு ஒருமுறை உடம்பெல்லாம் தடித்துவிட்டது. அதன்பின் அந்த வீட்டுக்கு வறுத்த ஈசல் போனதே இல்லை.

இவை எதற்கும் அப்பத்தா காரணம் சொன்னதில்லை. பிற்காலத்தில் உணவு அறிவியல் நூல்களைப் படிக்கையில் ஒவ்வொன்றுக்கும் காரணம் கிடைத்தது. செத்துக் கிடக்கும் பூச்சியில் நுண்ணுயிர்கள் பெருகும். அவற்றுள் சில ஹிஸ்டமின் என்னும் பொருளை உண்டாக்கும். கெட்டுப்போன சில மீன்களைத் தின்றால் உடல் சிவந்து அரிப்பதும் இதனால்தான். ஹிஸ்டமின் உண்டானபின் எவ்வளவு வறுத்தாலும் அது போகாது. வறுப்பதால் ஒட்டுண்ணிகளும் பெரும்பாலான கிருமிகளும் அழியும். ஆயினும் வித்துகளாக உறங்கும் சில பாக்டீரியாக்கள் வெப்பத்தையும் தாங்கிப் பின்னர் முளைக்கும். எனவே அன்றே தின்பது நல்லது. அத்தைக்கு உடல் தடித்ததற்குக் காரணம் பெரும்பாலும் ட்ரோபோமயோசின் என்ற புரதமாக இருக்கலாம். இறாலிலும் நண்டிலும் கரப்பானிலும் வீட்டுத் தூசியில் வாழும் நுண்ணிய உண்ணிகளிலும் ஏறத்தாழ ஒரே வடிவில் உள்ள புரதம் அது. இறால் ஒவ்வாதவருக்கு ஈசலும் வெட்டுக்கிளியும் ஒவ்வாமற் போக வாய்ப்பு மிகுதி. கடுமையானால் மூச்சடைத்து உயிருக்கே ஆபத்தாகும். சமைத்தாலும் இப்புரதம் அடங்குவதில்லை. நாலைந்தைக் கொடுத்துவிட்டு ஒருநாள் காத்திருந்தது எவ்வளவு பெரிய எச்சரிக்கை!

ஆக, நான் தின்றது ஈசலை மட்டுமன்று. இந்தப் புற்று, இந்தப் பருவம், இந்த அளவு, இன்னார்க்கு வேண்டாம் என்கிற அறிவையும் சேர்த்தே தின்றேன். காட்டில் வழி தவறியவனுக்கு வாய்க்காதது அந்த அறிவுதான்.

*

அப்படியானால் வழி தவறியவன் என்ன செய்வது? முதலில், அவனைக் கொல்லப்போவது பசியன்று. உடல்நலமுள்ள ஒருவர் உணவின்றிச் சில வாரங்கள் உயிர்வாழ இயலும். நீரின்றிச் சில நாட்களே. புரதம் மிகுந்த உணவைச் செரித்து அதன் கழிவை வெளியேற்றவும் உடலுக்கு நீர் வேண்டும். ஒவ்வாத பூச்சி ஒன்றால் வாந்தியும் வயிற்றுப்போக்கும் கண்டால், இருக்கிற நீரும் போய்விடும். இரண்டு மூன்று நாளில் மீட்கப்படக்கூடிய ஒருவர் தெரியாத பூச்சியைத் தின்பது, பசியைத் தணிக்கப் போய் உயிரைப் பணயம் வைப்பதாகும்.

நாட்கள் நீண்டால்? அமெரிக்கத் தரைப்படையின் உயிர்பிழைப்புக் கையேடு சில விதிகளைத் தருகிறது. கொட்டுபவை, கடிப்பவை, மயிர் அடர்ந்தவை, பளிச்சென்ற நிறமுடையவை, கடுநாற்றம் வீசுபவை வேண்டாம். சிலந்தி, உண்ணி, ஈ, கொசு வேண்டாம். வண்டு, வெட்டுக்கிளி போன்றவற்றின் சிறகையும் காலையும் நீக்கி நன்றாகச் சுட்டபின்பே உண்ண வேண்டும். நல்ல விதிகள்தாம். நம் மண்ணில் வைத்துப் பார்த்தால் அவற்றின் பயனும் தெரியும், எல்லையும் தெரியும்.

2020 மே மாத இறுதியில், வட இந்தியாவைப் பாலைவன வெட்டுக்கிளிகள் சூறையாடிக்கொண்டிருந்த நேரம். கிருஷ்ணகிரி மாவட்டத்தின் நேரலகிரியில் எருக்கஞ்செடிகளில் வெட்டுக்கிளிகள் மொய்த்திருப்பது கண்டு மக்கள் கலங்கினர். அவை பாலைவன வெட்டுக்கிளிகள் அல்ல என்று அதிகாரிகள் விளக்கினர். எருக்கு இலையைத் தின்று வாழும் வண்ண வெட்டுக்கிளியை நம்மூரில் எல்லோரும் பார்த்திருப்போம். மஞ்சளும் நீலமுமாகப் பட்டை போட்டிருக்கும். எருக்கம்பாலில் இதயத்தைத் தாக்கும் நஞ்சு உண்டு. இந்த வெட்டுக்கிளிக் குடும்பத்தில் அந்நஞ்சைத் தன் உடலிலேயே சேர்த்துவைத்துத் தற்காத்துக்கொள்ளும் இனங்கள் இருக்கின்றன. ‘என்னைத் தொடாதே’ என்பதே அந்த வண்ணத்தின் பொருள். வெட்டுக்கிளி தின்னத் தகுந்ததா என்ற கேள்விக்கு, ‘எந்தச் செடியைத் தின்ற வெட்டுக்கிளி?’ என்று திருப்பிக் கேட்காமல் விடை சொல்ல இயலாது.

துவரையும் வெண்டையும் பூக்கும் காலத்தில் கறுப்பில் செம்மஞ்சள் பட்டையிட்டுப் பூவை மேய்கிற கொப்புள வண்டும் அப்படித்தான். நசுக்கினால் தோல் கொப்புளிக்கும். அதன் நஞ்சான காந்தாரிடின் சில பத்து மில்லிகிராம் உட்சென்றாலே மனிதருக்கு மரணம் நேரலாம். வறுத்தாலும் அது அழிவதில்லை. வைக்கோலோடு இவ்வகை வண்டுகளைத் தின்று குதிரைகள் மாண்டிருக்கின்றன.

இவை இரண்டும் நிறத்தாலேயே எச்சரிக்கின்றன. கையேட்டின் விதி இவற்றைத் தடுத்துவிடும். எந்த விதியிலும் அகப்படாத ஒன்று நைஜீரியாவில் உண்டு. அந்நாட்டின் தென்மேற்குப் பகுதியில் மழைக்காலந்தோறும் சிலருக்குத் திடீரெனக் கைகால் நடுக்கமும் தள்ளாட்டமும் காணும். 1950களிலிருந்து மருத்துவர்களைக் குழப்பிய இந்நோய்க்கு 1990களில்தான் விடை கிடைத்தது. அங்குள்ளோர் வறுத்துத் தின்னும் ஒருவகைக் காட்டுப் பட்டுப்பூச்சியில், தயமின் என்னும் பி1 வைட்டமினைச் சிதைக்கும் நொதி இருக்கிறது. சமைக்கும் சூட்டை ஓரளவு தாங்கும் நொதி. பலரும் தின்கிறார்கள், எல்லோருக்கும் நோய் வருவதில்லை. கிழங்கு மாவையே பெரிதும் நம்பி, முன்பே தயமின் குறைந்து கிடப்பவர்களுக்குத்தான் வருகிறது. தயமின் கொடுத்தால் குணமாகிறார்கள்.

இச்செய்தியைப் படித்த அன்று நெடுநேரம் வேறெதிலும் மனம் செல்லவில்லை. வயிறு நிறைந்தவனுக்குத் தீங்கு செய்யாத அதே பூச்சி பசித்தவனைத் தள்ளாட வைக்கிறது. உயிர்பிழைக்கத் தின்னலாமா என்று கேட்பவனோ பசித்தவன்தான். பாதுகாப்பு என்பது பூச்சிக்குள் மட்டும் இல்லை. தின்பவனின் உடலிலும் அவன் கடந்துவந்த நாட்களிலும் பாதி இருக்கிறது.

*

இதற்கு நேர்மாறான காட்சியும் உண்டு. தென்னாப்பிரிக்காவின் லிம்போபோ பகுதியில் கடுநாற்றம் வீசும் ஒருவகை நாவாய்ப்பூச்சியை மக்கள் விரும்பி உண்கிறார்கள். கையேடு வேண்டாம் என்று விலக்கும் பூச்சி. அவர்களோ செத்தவற்றைப் பிரித்தெறிந்து, உயிரோடிருப்பவற்றை வெந்நீரில் இட்டுக் கிளறி நாற்றநீரைக் கக்கவைத்து, அதன்பின்பே சமைக்கிறார்கள். ஒடிசாவின் மயூர்பஞ்சில் மரத்து இலைகளைக் கூடாகப் பின்னும் செவ்வெறும்பை அரைத்துச் செய்யும் சிமிலிபால் காய் சட்னிக்கு 2024 ஜனவரியில் புவிசார் குறியீடு கிடைத்தது. இங்கெல்லாம் பூச்சியைக் காப்பாற்றி வைத்திருப்பது அதைச் சூழ்ந்த அறிவு. அது எழுதப்படாத அறிவு. ‘உவ்வே’ என்ற ஒரு குரலுக்குக் கூசி அடுத்த தலைமுறை சொல்லாமல் விட்டுவிட்டால் அழிந்துபோகக்கூடிய அறிவு. என் வகுப்பில் மேசையைப் பார்த்துக்கொண்டிருக்கும் பிள்ளைகளை நினைக்கும்போதெல்லாம் இந்த அச்சம் எனக்கு வரும்.

அதைவிடப் பெரிய அச்சமும் ஒன்று இருக்கிறது. அப்பத்தா இன்று இருந்தாலும் அதன் விதிகள் போதமாட்டா. அந்த வரப்போரம் இன்று பருத்தியும் மிளகாயும். ‘மருந்து அடிச்சாச்சா?’ என்பதுதான் அங்கே விடியற்காலைப் பேச்சு. நஞ்சுக்கு மருந்து என்று பெயர் வைத்த மொழி நம்முடையது. வீடு கட்டுவோர் அடித்தளத்தில் கரையானுக்கென்றே குளோர்பைரிபாஸ் ஊற்றுகிறார்கள். 2020இல் ராஜஸ்தானில் திரண்ட வெட்டுக்கிளிகள் மீது மாலத்தியான் தெளிக்கப்பட்டது. அதே படையெடுப்பின்போது கிழக்கு ஆப்பிரிக்காவில், மருந்து தெளித்த இடத்து வெட்டுக்கிளிகளைத் தின்ன வேண்டாம் என்று மக்களை எச்சரிக்க வேண்டியிருந்தது. தலைமுறை தலைமுறையாக அவற்றை உண்டவர்கள் அவர்களில் உண்டு. வண்ணமோ நாற்றமோ இந்த நஞ்சைக் காட்டிக்கொடுக்காது. நெருப்பும் முழுதாகப் போக்காது. கொப்புள வண்டுகூடத் தன் நஞ்சை உடல்மேல் எழுதிவைத்திருக்கிறது. நாம் தெளித்ததற்கு எந்த அடையாளமும் இல்லை.

அண்ணன் மகனுக்குப் பிறகு இப்படிச் சொன்னேன்: “வழி தவறினா மொதல்ல நிழலும் தண்ணியும் தேடு. தேடி வர்றவங்க கண்ணுல படுற மாதிரி ஒரே எடத்துல இரு. பேரு தெரியாத பூச்சிய வாயில வைக்காத. உனக்கு எறா ஆகாதுன்னா தெரிஞ்ச பூச்சியும் வேணாம். பசியோட நாலு நாள் இருந்தாலும் உயிர் இருக்கும்.”

அவன் கேட்டுக்கொண்டான். “அப்ப, நம்மூரு ஈசல்?” என்றான்.

அதற்கு வரப்பில் யார், எப்போது, என்ன தெளித்தார்கள் என்று தெரிந்தாக வேண்டும். அண்ணனுக்குத் தொலைபேசியில் கேட்டேன். போன வாரம்தான் அடித்ததாகச் சொன்னார்.